சேலத்தில் தங்கி மூன்று வாரம் தமிழ்நாட்டைச் சுற்ற முழுநேர வேன் தேவையா?

2025 பிப்ரவரி 9, காலை (கேள்வி)

மலேசியாவின் ஈப்போவிலிருந்து என் சித்தி, சித்தப்பா, அவர்களுடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி என ஐந்து பேர் மே மாத நடுவில் சேலம் வருகிறார்கள். மூன்று வாரம் இருப்பார்கள். ஏற்காடு, ஒகேனக்கல், கொல்லிமலை, பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், மதுரை, ராமேசுவரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சென்னையில் இறங்கியது முதல் திரும்ப விமானம் ஏறும் வரை ஒரே வேனை ஓட்டுநருடன் பேசிவிடலாம் என்பது என் எண்ணம். பேருந்து, ரயில் என்று அவர்களை அலையவிட எனக்கு மனமில்லை. இதில் ஏதேனும் தவறு இருக்கிறதா?

2025 பிப்ரவரி 9, இரவு

தவறு என்று சொல்ல மாட்டேன், வீண் என்று சொல்வேன். வெளியூர் வாடகை வண்டிகளின் கணக்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள். வண்டி வாசலிலேயே நின்றாலும் அந்த 250 உங்கள் தலையில்தான் விழும். அதன் மேல் ஓட்டுநர் பேட்டா தினமும் உண்டு. சுங்கக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், மலை ஏறினால் ஹில்ஸ் சார்ஜ் எல்லாம் தனி. போதாததற்குக் கணக்கு ஷெட் டு ஷெட், அதாவது வண்டி அவர்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பி அங்கே போய் நிற்கும் வரை ஓடியது அத்தனையும் மீட்டரில் ஏறும்.

இருபத்தொரு நாளுக்கு 250 வீதம் போட்டால் 5,250 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுகிறீர்கள். நீங்கள் சொன்ன ஊர்களையெல்லாம் சென்னைப் போக்குவரத்தோடு சேர்த்து மனக்கணக்காகக் கூட்டிப் பார்த்தேன், மூவாயிரத்தைத் தொடவில்லை. மீதிக் கிலோமீட்டர்கள், சித்தி உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உறவினர்களோடு பேசிக்கொண்டிருக்கும் நாள்களுக்காக நீங்கள் கட்டும் பணம். அந்த நாள்களில் ஓட்டுநருக்கும் வேலை இருக்காது. பாவம், அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

என் யோசனை இதுதான்: ஊருக்கு ஊர் தாண்ட ரயில், மலைக்கும் அருவிக்கும் அன்றன்றைக்குக் கார், சேலத்துக்குள் நகரப் பேருந்தும் ஆட்டோவும். சேலத்தில் இருந்துகொண்டு இப்படிப் பிரிக்காமல் விட்டால் ஊரின் அருமையையே பயன்படுத்தாதவர் ஆவோம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, கரூர், விருத்தாசலம், மேட்டூர் அணை என இங்கிருந்து தண்டவாளம் போகாத திசை குறைவு. 2007 நவம்பரில் சேலம் தனி ரயில்வே கோட்டமானதும், 2013-இல் நாமக்கல் வழியாகக் கரூருக்குப் புதிய பாதை திறந்ததும் தெற்கே போகிறவர்களுக்குப் பெரிய வரம். முன்பெல்லாம் ஈரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் கரூர் போக வேண்டும்.

2025 பிப்ரவரி 10

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. அவர்கள் ஏன் சென்னையில் இறங்க வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. திருச்சியில் புதிய முனையம் 2024 ஜூன் முதல் இயங்குகிறது. பழைய கட்டடத்தில் குடிநுழைவு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருச்சியிலிருந்து முசிறி, நாமக்கல் வழியாகச் சேலம் சுமார் 145 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம். சென்னையிலிருந்து 340 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து எப்படியும் கோலாலம்பூர் வந்துதான் விமானம் ஏறப் போகிறார்கள் என்றால், சென்னைக்கு என்ன கட்டாயம்? பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை என்றால் இதை முதலில் மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம் மூன்றும் திருச்சிக்குக் கிழக்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். சேலத்துக்கு வந்துவிட்டுத் திரும்ப அங்கே போவதைவிட, ஊர் திரும்பும்போது அந்தக் கோயில்களை முடித்துக்கொண்டு அப்படியே திருச்சியில் விமானம் ஏறலாம்.

2025 பிப்ரவரி 10, மாலை

சேலத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில். 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது. சிறிய விமானங்கள், ஓரிரு ஊர்கள். ஐந்து பேர் மலேசியாவிலிருந்து மூட்டை முடிச்சோடு வரும்போது, சென்னையில் இறங்கி முனையம் மாறி, அடுத்த விமானத்துக்கான எடைக் கட்டுப்பாட்டுக்குப் பெட்டியைப் பிரித்துக் கட்டி வருவதில் எனக்கு உடன்பாடில்லை. தனி ஆளாக அலுவலுக்கு வருகிறவருக்கு அது நல்ல வழி.

2025 பிப்ரவரி 12

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் சித்தப்பா மகன் கைப்பேசியில் தேடி, 'ஏற்காடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ரயில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அதில் ஏறினால் மலையுச்சியில் இறங்கலாம் என்று எண்ணிவிடப் போகிறார். அது சென்னையிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் இரவு வண்டி. விடியலுக்கு முன் சேலம் ஜங்ஷனில் நின்று, ஏற்காட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் தண்டவாளமே கிடையாது. என் அலுவலகத்துக்கு வந்த வடநாட்டு அதிகாரி ஒருவர் அந்த வண்டியில் ஈரோடு வரை போய்விட்டு, "மலை எங்கே?" என்று தொலைபேசியில் கேட்டார்.

2025 பிப்ரவரி 16

ஏற்காட்டுக்குத் தனியாக எழுதச் சொன்னீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

சேலத்திலிருந்து இரண்டு வழி. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமாகப் போய்க் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது மற்றொன்று. முதலாவது சுருக்கம், பேருந்துகள் பெரும்பாலும் அதில்தான். இரண்டாவது சற்றுச் சுற்று, ஆனால் ஏற்றம் மெதுவானது, வளைவுகளும் அவ்வளவு நெருக்கமில்லை. தலைசுற்றல் உள்ளவர்களை நான் குப்பனூர் வழியாகத்தான் அழைத்துச் செல்வேன். கோடை விழாக் கூட்டத்தில், ஏறுவோரை அடிவாரம் வழியாகவும் இறங்குவோரைக் குப்பனூர் வழியாகவும் காவல்துறையினர் பிரித்துவிடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் புயல் மழையால் அடிவாரச் சாலையில் மண் சரிந்தபோது மலைமக்களுக்குக் கைகொடுத்ததும் குப்பனூர்ச் சாலைதான்.

பேருந்தை ஏளனமாக நினைக்க வேண்டாம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாள் முழுவதும் அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. அந்த ஓட்டுநர்கள் தினமும் ஏறி இறங்குகிறவர்கள். எந்த வளைவில் எதிர் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும், எங்கே ஒலியெழுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். முன் இருக்கையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்திருக்கிறேன்: வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, பேருந்தின் மூக்கைச் சாலையின் வெளி ஓரம் வரை நீட்டி, உடல் முழுவதையும் சாய்த்துத் திசைமாற்றியை இழுத்து ஒடிக்கிறார்கள். பின் சக்கரம் உள் ஓரத்துக் கல்லை உரசாமல் கடக்கிறது. சன்னலோரம் இருந்த பாட்டி கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை.

ஆனால் பேருந்து ஏற்காட்டு ஊருக்குள் விட்டுவிடும், அதோடு சரி. ஏரியும் அண்ணா பூங்காவும் நடக்கும் தொலைவு. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, சேர்வராயன் கோயில் எல்லாம் திசைக்கொன்றாக இருக்கின்றன. அதற்கு அங்கே ஆட்டோவோ வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். இத்தனை இடம் இத்தனை ரூபாய் என்று மொத்தமாகப் பேசுவார்கள். பேசும்போதே கிளியூர் அருவியை நீக்கிவிடுங்கள். மழைக்காலம் கழிந்து போனால் அழகு, மே மாதத்தில் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இறங்கி ஏறும் வழியும் முதியவர்களுக்கு ஏற்றதல்ல. சேர்வராயன் கோயிலுக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். 1,623 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழையும் குகைக்குள் சாமி. வெளியே பரந்த புல்வெளி. ஏற்காடு ஊரே ஏறத்தாழ 1,500 மீட்டர்தான்.

ஐந்து பேருக்கு என் தீர்ப்பு: ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்தே ஒரு கார், காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை வெளிச்சம் இருக்கும்போதே இறங்குவது. ஒரு நாள் வாடகைதான். ஓட்டுநர் சேலத்துக்காரராக, மலைப் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பெரிய வண்டிதான் வேண்டும் என்று நிற்காதீர்கள்.

2025 பிப்ரவரி 17

"மகன் நன்றாக ஓட்டுவார், மலேசியாவிலும் இடப்பக்கம்தானே, ஓட்டுநர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி முடியும். அங்கிருந்து வரும்போதே அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை, மூல உரிமத்தோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வண்டியின் எண் பலகையைப் பாருங்கள்: நாமே ஓட்ட வாடகைக்கு விடும் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, ஓட்டுநருடன் வரும் வாடகைக் கார் என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். "தெரிந்தவர் வண்டி, குறைவாகத் தருகிறார்" என்று வெள்ளைப் பலகைக் காரை எடுத்துப் போய், வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். இந்த ஆபத்தை உறவினர் தலையில் சுமத்தாதீர்கள்.

சட்டம் இருக்கட்டும், மலைக்கு வருகிறேன். சென்ற கோடையில் அடிவாரத்தில் ஒரு கார் நின்றது. வெளி மாநில எண், உள்ளே குழந்தைகள். முன் சக்கரங்களிலிருந்து வெண்புகை, ரப்பர் கருகுவது போன்ற நாற்றம். மேலிருந்து இருபது வளைவுகளையும் பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கியிருக்கிறார். ஒருவர் பாட்டில் தண்ணீரோடு ஓட, தேநீர்க் கடைக்காரர் எழுந்து வந்து தடுத்தார்: "ஊத்தாதீங்க சார், பிரேக் வட்டு கோணிக்கும். அரை மணி நேரம் அப்படியே ஆற விடுங்க." அவருக்கு இது புதிதல்ல என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்க வேண்டும். தானியங்கி கியர் என்றால் தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த மூன்றையும் அறிந்தவர் ஓட்டலாம். மகன் சமவெளியில் ஓட்டட்டும், அதற்கு நான் தடை சொல்லவில்லை.

இரு சக்கர வண்டி பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: இளைஞர்களுக்கு ஏற்காட்டின் 32 கிலோமீட்டர் லூப் சாலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, அருமையான பயணம். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

2025 பிப்ரவரி 23

சித்திக்கு முழங்கால் வலி என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். இது கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது.

அரசுப் பேருந்தின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது முழங்கால் வலி உள்ளவருக்குத்தான் தெரியும். ரயிலிலும் ஏறுவது கடினம், ஆனால் ஏறிவிட்டால் எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, கால் நீட்டலாம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் துப்புரவான கழிவறையைத் தேடுவது நம் ஊரில் எவ்வளவு பெரிய வேலை என்பதைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே நெடுந்தூரத்துக்கு ரயில் என்ற என் பேச்சில் மாற்றமில்லை.

ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம் வட்டாரத்தில் கோயிலுக்குக் கோயில், விடுதிக்கு விடுதி என்று பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்டசோழபுரம் என்று பட்டியல் நீளவும் செய்யும். அந்த நான்கைந்து நாளுக்கு மட்டும் வேன் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேன் தினமும் ஓடும், கொடுக்கும் காசு செரிக்கும். அதையும் சேலத்திலிருந்து கொண்டுபோக வேண்டாம். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அமர்த்தினால் ஷெட் டு ஷெட் தூரம் மிச்சம்.

2025 மார்ச் 2

ரயில் முன்பதிவு. "நாலு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்" என்று இங்கே ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். அது பழைய கதை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். மே 14-க்கு வேண்டும் என்றால் மார்ச் 15 காலையில் திறக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் 365 நாள் முன்பே எடுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. கடவுச்சீட்டு விவரம் தர வேண்டும். எல்லா வண்டியிலும் எல்லா வகுப்பிலும் அது கிடையாது. குடும்பத்தில் ஒருவர் அங்கிருந்தே தம் பெயரில் கணக்குத் தொடங்கி முயன்று பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் நீங்கள் இங்கிருந்து பொது ஒதுக்கீட்டில் எடுங்கள். பட்டியல் தயாரான பிறகும் முழுக் காத்திருப்பிலேயே நின்றுவிட்ட இணையவழிச் சீட்டு தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு வண்டி ஏறக் கூடாது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த வண்டி? மதுரைக்குப் பெங்களூரு–மதுரை வந்தே பாரத் இருக்கிறது. செவ்வாய் தவிர மற்ற நாள்களில் மாலையில் சேலம் வந்து, நாமக்கல், கரூர், திருச்சி, திண்டுக்கல் வழியாக இரவு மதுரை சேர்கிறது. உட்கார்ந்து போகும் வண்டிதான். அக்னி நட்சத்திர வெயிலில் குளிர்சாதனம் இருப்பதே புண்ணியம். காவிரிக் கரைக்கு, 2023 ஆகஸ்ட் இறுதியில் வந்த சேலம்–மயிலாடுதுறை வண்டி: நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று வரிசையாக நிற்கும். அவசரமில்லாதவர்களுக்கான வண்டி அது. கரூர் தாண்டிக் காவிரியை ஒட்டி ஓடும்போது வாழைத் தோப்புகளைப் பார்க்கலாம். சித்தி குடும்பத்துக்கு இதைவிடக் காரே நல்லது என்று நீங்கள் சொன்னால் வாதாட மாட்டேன்.

ராமேசுவரத்துக்கு இப்போதைக்கு ரயில் முழுத் தூரம் போகவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்து நின்றுவிட்டது. மண்டபத்தில் இறங்கிச் சாலைப் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். எனவே மதுரையிலிருந்து ராமேசுவரம் போய்வர ஒரு நாள் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 15

இன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தீர்களா? மே 14-ஐ விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தடுத்த தேதிகளைத் தினமும் காலையில் பாருங்கள். பள்ளி விடுமுறையில் வெள்ளி, ஞாயிறு இரவு வண்டிகள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், செவ்வாய், புதன் வண்டிகளில் இடம் கிடைக்கும்.

2025 ஏப்ரல் 7

மார்ச் 2-இல் ராமேசுவரம் பற்றி எழுதியதை நீக்கிவிட்டுப் படியுங்கள். நேற்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. ராமேசுவரம் வரை ரயில் மீண்டும் போகும். நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது தூக்கியைப் போல நேராக மேலெழும். பழைய பாலத்தில் அது இரண்டு பக்கமும் கதவு போலத் திறக்கும். மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்குக் கார் வேண்டாம். பேத்திக்குக் கடல் நடுவே ரயிலில் போகும் அனுபவத்தைக் கொடுங்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் அங்கேயே ஒரு வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

2025 ஏப்ரல் 13

பட்டியலில் ஊட்டியும் சேர்ந்துவிட்டதாம்! சேரட்டும்.

காரில் போவதானால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற ஆணைப்படி இந்த ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்கும் அப்படியே ஒரு வரம்பு. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்காட்டுக்கு இ-பாஸ் கிடையாது. இருக்கிறது என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரயிலில் போவதானால் நள்ளிரவுக்கு மேல் சேலத்துக்கு வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் விடும். அங்கேயே மலை ரயில் காத்திருக்கும். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல் சக்கரத்தால் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். அந்த மலை ரயிலை நடத்துவதே நம் சேலம் கோட்டம்தான் என்பதைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மே மாதத்தில் அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைக்காவிட்டால் ஊட்டியையே விட்டுவிடுங்கள். ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போகிறவர்கள் மூன்றாவது மலையில் எதைப் புதிதாகக் காணப் போகிறார்கள்? இதை எழுதினால் ஊட்டி விசிறிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

2025 ஏப்ரல் 13, இரவு

கொல்லிமலையைச் சொல்லாமல் விட்டேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதியிருக்கும். பேத்தி எண்ணிக்கொண்டே வரட்டும், வாந்தி எடுக்காமல் இருந்தால். காலையில் இட்டிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சித்தி அறப்பளீசுவரர் கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும், இளையவர்கள் போய் வரட்டும்.

2025 ஏப்ரல் 20

ஒகேனக்கல். தொப்பூர், தருமபுரி, பென்னாகரம் வழியாகக் காரில் போகலாம். திரும்பும்போதுதான் என் கவலை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகையில் தொப்பூர்க் கணவாய் நெடுஞ்சாலையில் இறக்கமாக வரும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதிய செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். இருட்டிய பிறகு அந்த வழியில் குடும்பத்தோடு வர வேண்டாம். பென்னாகரத்திலிருந்து பெரும்பாலை, மேச்சேரி வழியாகத் திரும்பினால் கணவாயைத் தவிர்க்கலாம், நேரமிருந்தால் மேட்டூர் அணையையும் பார்த்துவிடலாம்.

பரிசலும் ஒரு போக்குவரத்துதானே, அதையும் சொல்லிவிடுகிறேன். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் மிகுதியாக வந்தால் பரிசலையும் குளியலையும் மாவட்ட நிர்வாகம் தடுத்துவிடும். மே மாதத்தில் அநேகமாக அந்தப் பிரச்சினை இருக்காது, இருந்தாலும் கிளம்பும் அன்று காலைச் செய்தியைப் பாருங்கள். உயிர்காப்பு உடை அணியாமல் ஏற வேண்டாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது பூலாம்பட்டி விசைப்படகு. எடப்பாடியிலிருந்து நகரப் பேருந்திலேயே பூலாம்பட்டி போகலாம். காவிரியின் இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம். மக்கள் தினமும் வேலைக்கும் சந்தைக்கும் போகும் படகு அது. மொபட்டைப் பலகையில் உருட்டி ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். ஈப்போக்காரர்களுக்கு இது சுற்றுலாப் புத்தகத்தில் கிடைக்காது.

2025 ஏப்ரல் 27

சேலத்துக்குள் நடமாட்டம் பற்றி நான்கு வரி. ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. புதிய பேருந்து நிலையம் வேறு, பழைய பேருந்து நிலையம் வேறு. டவுன் ரயில் நிலையம் இன்னொரு பக்கம். வெளியூர்ப் பேருந்துகள் புதியதில், நகரப் பேருந்துகள் பழையதில். பழையது 2023-இல் ஈரடுக்காகக் கட்டித் திறக்கப்பட்டது. மாடியிலிருந்தும் பேருந்து புறப்படும் என்பதை முதல் முறை வருகிறவர்கள் அறியாமல் கீழேயே நிற்பார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சித்தி ஒருமுறையாவது ஏறிப் பார்க்கட்டும், படி உயரத்துக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுங்கள். தனியார் நகரப் பேருந்துகளில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், பேத்திக்குப் பிடிக்கும்.

மதுரையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவு ஆம்னி பேருந்தில் வர நேர்ந்தால், நகருக்குள் வருமா, அல்லது சீலநாயக்கன்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ புறவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்று சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு மேம்பாலத்தடியில் பெட்டிகளோடு நின்று, வாய்க்கு வந்த வாடகை கேட்கும் ஆட்டோவிடம் பேரம் பேசியிருக்கிறேன். அந்த நேரத்தில் பேரம் படியாது.

2025 மே 10

திருச்சி பஞ்சப்பூரில் நேற்று புதிய பேருந்து முனையம் திறந்துவைக்கப்பட்ட செய்தியைப் பார்த்துவிட்டு, அங்கே போய் நிற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். திறப்பு விழா நடந்திருக்கிறதே தவிர, பேருந்துகள் இன்னும் அங்கே மாறவில்லை. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்தே போகின்றன. அது உங்கள் கவலையும் இல்லை. ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் வரும்போது விமான நிலையத்திலிருந்து நேராகக் கார்தானே பேசியிருக்கிறீர்கள்.

அந்தக் காரைப் பற்றி ஒன்று. ஐந்து பேரோடு நீங்களும் அழைத்துவரப் போனால் ஆறு, ஓட்டுநரோடு ஏழு. ஏழு இருக்கைக் காரில் ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடமிருக்காது. மேலே கேரியர் உள்ள வண்டியா என்று கேளுங்கள், தார்ப்பாயும் கயிறும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. இல்லையென்றால் நீங்கள் வீட்டிலேயே இருங்கள், ஓட்டுநர் கையில் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.

ஏற்காட்டுப் பயணத்தைக் கோடை விழா தொடங்கும் முன் வாரத்துக்குத் தள்ளுங்கள், அதுவும் சனி, ஞாயிறு இல்லாமல். மலர்க் கண்காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தால், எட்டு மணிக்குள் மேலே இருக்க வேண்டும்; பத்து மணிக்கு மேல் ஏரியைச் சுற்றி வண்டி நகராது.